ரொட்டிக்கடைத் துரைக்கு நான் கொடுத்த தங்கை

படக்கொட்டகைத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, படம் பேசாத காலம் ஒன்று இருந்தது என்பதே வியப்பாகத் தோன்றக்கூடும். திரையில் உருவங்கள் வாயசைக்கும், ஓசை எழாது. நடுநடுவே ஆங்கில எழுத்துக்கள் தோன்றி மறையும். அவற்றை வாசித்து, தமிழாக்கி, கதை இன்னதென்று உரக்கச் சொல்வதற்காகத் திரையருகே ஒருவன் பிரம்பும் கையுமாக நிற்பான். பூந்தமல்லிக்கு வெளியே, பாரிவாக்கம் செல்லும் சாலையோரத்தில் கூடாரமடித்திருந்த ஒரு டூரிங் கொட்டகையில் அந்த ஒருவனாக நான் ஆறு ஆண்டுகள் நின்றேன். பிற்பாடு படம் பேசத் தொடங்கியது. நான் மெஷின் ஓட்டினேன், மேனேஜராக இருந்தேன், ஓய்வும் பெற்றேன். ஆயினும் தொழில் அனுபவம் ஏதேனும் எழுதித் தரும்படி நீங்கள் கேட்டபோது என் நினைவு மெஷின் அறைக்குச் செல்லவில்லை. அந்தப் பிரம்பு பிடித்த இடத்துக்கே சென்றது.

அறுந்த பிலிமை எப்படி ஒட்டுவது, மெஷின் விளக்கின் கார்பன் குச்சிகளை எவ்வளவு நெருக்கி வைப்பது என்பனவற்றை மெஷினே உங்களுக்குக் கற்றுக்கொடுத்துவிடும். கூட்டம் நம்மை நம்பி உட்கார்ந்திருக்கையில் நாம் செய்துவிட்ட பிழையை, அந்தக் கூட்டத்தின் எதிரிலேயே என்ன செய்வது என்பதை எந்த மெஷினும் கற்றுக்கொடுப்பதில்லை. அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. நான் பள்ளியில் படித்தது நான்கு வகுப்பு. எஞ்சியதெல்லாம் பழைய புத்தகங்களும், ரயில் நிலைய அறிவிப்புப் பலகைகளும், சோப்புப் பெட்டிகளின் மேல் அச்சிட்டிருந்த ஆங்கிலமும் கற்றுத் தந்தவை. அந்தப் படிப்பைக்கொண்டே திரையில் ஓடும் ஆங்கிலத்தை ஒருவாறு பிடித்துவிடுவேன். பிடிபடாததை இட்டு நிரப்புவேன். கூத்தில் கதை நடத்துபவரை அழைப்பதுபோல் சனங்கள் என்னை ‘வாத்தியாரே’ என்று அழைத்தார்கள். அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிழைக்கு வித்து அங்கேதான் இருந்தது என்று இப்போது எண்ணுகிறேன்.

எங்கள் கொட்டகை முதலாளி பூந்தமல்லியில் தோல் வியாபாரம் செய்துவந்த முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர். நாங்கள் அவரைப் பாய் என்போம். ஆவடி ரயிலில் வந்திறங்கும் படப்பெட்டிகளை மாட்டுவண்டியில் ஏற்றிவரும் பணி அண்ணனூர்க் கன்னியப்பனுடையது. நாற்பத்தைந்து வயது, மனைவியை இழந்தவர். பெண்கள் பக்கத்து வாயிலில் நின்று டிக்கெட் கிழித்தவள் பாரிவாக்கத்து அஞ்சலை. நாற்பது வயது, கணவன் காய்ச்சலில் மாண்டு எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரே மகளைத் திருவேற்காட்டில் கட்டிக்கொடுத்துவிட்டு, அண்ணன் ஏழுமலையின் வீட்டில் இருந்தாள்.

கன்னியப்பனும் அஞ்சலையும் ஒருவரையொருவர் மணந்துகொள்ள விரும்புகிறார்கள் என்பது கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும். அதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. இருவரும் ஒரே சனம், முறையும் பொருந்தியது. அவர்கள் சனத்தில் கணவனை இழந்தவள் மறுபடி தாலி கட்டிக்கொள்வதும் பழைய வழக்கமே. ‘அறுத்துக் கட்டுவது’ என்று அதற்குப் பெயர்கூட உண்டு. ஆனால் நிலம் சிறிது சேர்ந்த வீடுகளில் அவ்வழக்கத்தை இழிவாகக் கருதும் புதிய கௌரவம் ஒன்று அந்நாளில் பரவிக்கொண்டிருந்தது. ஏழுமலைக்கு ஏரியடியில் இரண்டு காணி நிலம் சேர்ந்திருந்தது. “நம்ம ஊட்டுல இனிமே அறுத்துக் கட்டுற பேச்சே கூடாது” என்று, கன்னியப்பன் பேச்சு அரசல்புரசலாகக் காதில் விழுந்த ஒருநாள், பெயர் குறிப்பிடாமல் பொதுவாகச் சொல்லிவிட்டார். அதன்பின் அவரிடம் வாய் திறக்க அஞ்சலைக்கு வழி அகப்படவில்லை.

அந்த நிலையில்தான் அந்தப் படம் வந்தது.

அது சீமைப் படம், ஐந்து ரீல், சிரிப்புப் படம். ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஒரு துரை. வயது ஐம்பதை நெருங்கியவர், மனைவி இல்லை. தையற்கடை வைத்திருக்கும் ஒரு சீமாட்டி. அவளும் கணவனை இழந்தவள். தடித்தடியாக இரண்டு மகன்கள். இளமையில் ஒரே தெருவில் வாழ்ந்த இருவரும் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு சந்தையில் எதிரெதிரே வந்து முட்டிக்கொள்கிறார்கள். அவர் தலைக்குச் சாயம் பூசுகிறார், மழையில் சாயம் வழிகிறது. சைக்கிள் பழகுகிறார், குட்டையில் விழுகிறார். மகன்கள் அவரைத் தெருத்தெருவாகத் துரத்துகிறார்கள். முடிவில் இருவருக்கும் மணமாகிறது. இவ்வளவுதான்.

பெட்டி வந்தால் காட்சிக்கு முன்தினம் பாயும் நானும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம். அன்று அஞ்சலையும் வாயிற்கயிற்றோரம் நின்று பார்த்தாள். மூன்றாவது ரீலில் அவள் சிரித்த சிரிப்பில் மெஷின் ஓட்டும் ஆபரேட்டரே எட்டிப் பார்த்தார். முடிந்ததும் என்னிடம் வந்தாள்.

“வாத்தியாரே, நெசமாவே அந்த வயசுலயா கட்டிக்கிறாங்க?”

“ஆம். படத்தில் அவ்வாறே.”

“பெத்த புள்ளிங்க ஒத்துக்குதுங்களா?”

“முதலில் துரத்துகிறார்கள். பிறகு அவர்களே மோதிரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார்கள்.”

அவள் வெற்றுத் திரையைத் திரும்பிப் பார்த்தாள். “நாளைக்கு எங்கண்ணனையும் அண்ணியையும் இட்டாரேன். எங்கண்ணன் கல்லு மாரி கீறானே தவிர, சிரிப்பு வந்துட்டா அடக்கத் தெரியாது அவனுக்கு. ஒருவாட்டி சிரிச்சிட்டான்னா போதும் வாத்தியாரே. அப்பால நான் பேசிக்கிறேன். நீ மட்டும் நல்லாச் சொல்லு.”

நல்லாச் சொல்வதாக வாக்களித்தேன்.

மறுநாள் பொழுது சாயும் முன்பே மணல் தரை நிரம்பிவிட்டது. நாற்காலி வரிசையில் அன்று முக்கியமானவர்கள் சிலர் இருந்தனர். பெரிய நிலக்கிழார் ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். அவர் அருகே உயர்தரப் பள்ளித் தமிழாசிரியர். முந்தின மாதம் ஒரு புராணப் படத்துக்கு நான் கதை சொன்னதைக் கேட்டு, ‘உமக்கு நல்ல வாக்கு’ என்று பாராட்டியவர் அவர். நான்கு வகுப்புப் படித்தவனுக்கு அந்த ஒரு வாக்கியம் எத்தகைய மயக்கம் தரும் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவர் முன்னிலையில், கைம்பெண் ஒருத்தி ஐம்பது வயதுத் துரையை மணக்கும் கதையை உரக்கச் சொல்ல வேண்டுமே என்ற கூச்சம் முதல் ரீல் ஓடத் தொடங்கியபோதே என்னைப் பிடித்துக்கொண்டது.

சந்தைக் காட்சி வந்தது. இருவரும் முட்டிக்கொண்டார்கள். ரொட்டிக் கூடை கவிழ்ந்தது. துரை நிமிர்ந்து சீமாட்டியின் முகத்தைப் பார்த்தார். ‘இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த முகம்’ என்று ஆங்கில எழுத்துக்கள் தோன்றின.

நான் பிரம்பை உயர்த்தினேன். “மகாஜனங்களே! இதோ பாருங்கள்! இருபது ஆண்டுகள் பிரிந்திருந்த துரை, தம் கூடப்பிறந்த தங்கையைக் கண்டுகொண்டார்!”

யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. பாயும் சொல்லவில்லை, ஆசிரியரும் சொல்லவில்லை. அந்தச் சொல் என் பயத்திலிருந்து தானாகப் புறப்பட்டு வந்தது. வந்தபின் அது மிகவும் கௌரவமாக ஒலித்தது.

பெண்கள் பக்கத்தில் ‘அய்யோ பாவம்’ என்று ஒரு குரல் எழுந்தது. நான் மேலும் பெருக்கினேன். கணவனை இழந்து தவிக்கும் தங்கை. அவளைத் தேடியலைந்த அண்ணன். அவள் கையால் ஒரு வாய் சோறு உண்ண ஏங்கும் அவன் உள்ளம். இரண்டாவது ரீலில் சீமாட்டி தன் கைக்குட்டையால் துரையின் முகத்திலிருந்த மாவைத் துடைத்தபோது மணல் தரையில் பாதிப்பேர் மூக்கைச் சிந்தினார்கள். ஆண்கள் பக்கத்தில் முன்வரிசையில் குந்தியிருந்த ஏழுமலை மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அண்ணன்னா இவன் அண்ணன்!” என்று அக்கம்பக்கம் கேட்கும்படி சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. அஞ்சலைக்கு நான் கொடுத்த வாக்கு அப்போது நினைவில் இல்லவே இல்லை.

மூன்றாவது ரீலில்தான் முதல் முடிச்சு விழுந்தது. துரை கண்ணாடி முன் உட்கார்ந்து தலைக்குச் சாயம் பூசலானார். மீசைக்கும் பூசினார். சட்டைக்கு அத்தர் தெளித்தார்.

பின்னாலிருந்து ஒருவன் கூவினான்: “இன்னா வாத்தியாரே, தங்கச்சியப் பாக்கப் போறதுக்கு எதுக்குயா தலைக்கு மையி?”

கூட்டம் சிரித்தது. நான் சளைக்கவில்லை. “அண்ணனுக்கு மூப்பு வந்துவிட்டதே என்று தங்கை மனம் வருந்துவாளல்லவா? அதற்காக!” என்றேன்.

பெண்கள் பக்கம் மறுபடியும் மூக்குச் சிந்தியது. “அப்ப அத்தரு?” என்றான் அவன். நான் கேளாதவன்போல் இருந்துவிட்டேன்.

எங்களிடம் ஒரே மெஷின். ஒரு ரீல் முடிந்தால் விளக்கை ஏற்றிவிட்டு, அடுத்த ரீலைக் கோத்தாக வேண்டும். அந்த இடைவெளியில்தான் மெஷினருகே பாய் என்னைக் கையசைத்து அழைத்தார். முகத்தில் கோபமில்லை. சிரிப்பை அடக்கும் முகம்.

“இன்னாப்பா பண்ணி வச்சிருக்கே? அடுத்த ரீல்ல துரை முட்டி போட்டு மோதரம் போடறான். அப்பால முத்தம் குடுக்கறான். கூடப் பொறந்தவளுக்கு!”

ஆபரேட்டர் தலையைச் சொறிந்தார். “முத்தத்த நான் கையால மறைச்சிடுவேன் பாய். எப்பவும் மறைக்கறதுதானே. கல்யாணத்த எந்தக் கைய வச்சி மறைக்கறது?”

“நாலாவது ரீலை விட்டுவிட்டு ஐந்தாவதை ஓட்டினால் என்ன?” என்று நான் கேட்டேன்.

“அஞ்சாவதுல கல்யாணமே முடிஞ்சி விருந்து சாப்புட்டுகினு கீறாங்க. தங்கச்சிக்கு வெள்ள முக்காடு வேற. நல்லா கீது உன் ரோசனை” என்றார் பாய். பிறகு தாடியைத் தடவிக்கொண்டு அவரே ஒரு வழியும் சொன்னார். “ஒண்ணு பண்ணு. அவ அவனுக்கு அத்த மவள்னு சொல்லிடு. சின்ன வயசுல இருந்து தங்கச்சி தங்கச்சின்னு தப்பா நெனச்சிகினு இருந்தான், இப்பத்தான் முறை வெளங்கிச்சின்னு சொல்லு. உங்க ஆளுங்க கை தட்டுவாங்க.”

அது மிக நல்ல வழி என்று எனக்குத் தோன்றியது. அத்தை மகளைக் கட்டுவதில் யாருக்கு என்ன ஆட்சேபம் எழும்? கூட்டம் சிரிக்கும், என் பெயரும் கெடாது, தமிழாசிரியரும் முகஞ்சுளிக்க மாட்டார். என்ன சொற்களில் சொல்வதென்று மனத்துக்குள் கட்டிக்கொண்டே திரும்பியபோது அஞ்சலை எதிரே நின்றாள்.

“வாத்தியாரே.” குரலை அவள் உயர்த்தவில்லை. “எங்கண்ணன் இப்ப தண்ணி குடிக்க வந்தான். வந்து எங்கிட்ட இன்னா சொன்னான் தெரியுமா? ‘பாத்தியா அஞ்சலை, சீமையிலகூட அறுத்தவள அண்ணன்தான் வச்சிக் காப்பாத்துறான். நான் உன்ன வச்சிகினு கீறா மாரியே’ன்னு சொல்றான். சொல்லிட்டு எந்தலைய தடவிக் குடுத்துட்டுப் போறான். எட்டு வருசத்துல ஒருநாளும் தடவுனது கெடையாது. இனிமே நான் எந்த மூஞ்சிய வச்சிகினு அவங்கிட்ட வாயத் தொறப்பேன்?”

நான் என்ன செய்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. அவள் கேட்ட உதவியை நான் செய்யாமல் விட்டதோடு நிற்கவில்லை. எந்தக் கதவைத் திறக்க அவள் தன் அண்ணனை அழைத்துவந்தாளோ, அந்தக் கதவுக்கு என் கையாலேயே தாழ்ப்பாள் போட்டிருந்தேன்.

“கவலைப்படாதே அஞ்சலை. அத்தை மகள் என்று மாற்றிவிடுகிறேன்” என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்றும் மறக்கவில்லை.

“அத்த மவள கட்டிக்கிறத பாக்கறதுக்கு சீமைப் படம் எதுக்கு? அதான் எங்க ஊர்ல மாசத்துக்கு ரெண்டு நடக்குதே. அவ யாரா வேணா இருந்துட்டுப் போவட்டும். அவ அறுத்தவ, திரும்பக் கட்டிக்கிறா. அதுதான் கதை. அத்த சொல்ல முடியுமா முடியாதா உன்னால?”

நான் பாயைப் பார்த்தேன். எனக்கு அவர் ஓர் உத்தரவு இட்டால் போதும் என்றிருந்தது. உத்தரவு என்றால் அதன் பின்னால் நான் ஒளிந்துகொள்ளலாம் அல்லவா. அவர் அதைத் தரவில்லை.

“எங்க பெரியம்மாவுக்கு ரெண்டாவது நிக்கா. எங்க ஊட்டுல யாரும் கல்லு வுடல. உங்க சனத்துல இன்னா பண்ணுவாங்களோ எனக்குத் தெரியாது. அது உன் பாடு” என்றார். பிறகு இதையும் சொன்னார்: “ஒண்ணு மட்டும் சொல்றேன். அந்தத் திரையில கீறவங்களுக்கு வாய் கெடையாது. நீ இன்னா சொன்னாலும் இல்லன்னு மறுத்துப் பேசமாட்டாங்க. அதுக்கோசரம் நீ இன்னா வேணா சொல்லலாம்னு ஆயிடுமா?”

ஆபரேட்டர் ரீலைக் கோத்து முடித்தார். நான் பிரம்பை எடுத்துக்கொண்டு திரையருகே சென்றேன். விளக்கு இன்னும் அணையவில்லை. அணைந்தபின் சொன்னால் என் முகம் தெரியாது. ஆனால் இருட்டில் சொல்லும் சொல்லுக்குக் கதையின் மதிப்புத்தான் உண்டு. எனவே விளக்கை அணைக்க வேண்டாமென்று கைகாட்டினேன்.

“மகாஜனங்களே” என்றேன். “இதுவரை நான் சொன்னது படத்தின் கதையன்று. நானாகக் கட்டிய கதை. அந்த அம்மாள் இவருக்குத் தங்கை அல்ல. உறவும் அல்ல. அவள் கணவனை இழந்தவள். இவர் மனைவியை இழந்தவர். இருவரும் மறுபடி கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறார்கள். படம் அதுதான். அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வராமல் மாற்றிச் சொல்லிவிட்டேன். பிழை என்னுடையது.”

சாயத்தைப் பற்றிக் கேட்டவன் எழுந்து நின்றே கத்தினான்: “நான் அப்பவே சொன்னேன்ல! தங்கச்சியப் பாக்க எவன்யா அத்தர் போட்டுகினு போவான்!”

“அப்ப நாங்க அழுதது இன்னாத்துக்கு?” என்றாள் ஒரு கிழவி.

“அழுதத திருப்பிக் குடுக்கச் சொல்லு ஆயா!” என்றான் வேறொருவன்.

சிரிப்பும் வசையும் ஒன்றாக எழுந்தன. ‘ஏமாத்துக்காரன்’ என்ற சொல் என் காதில் தெளிவாக விழுந்தது. நிலக்கிழார் எழுந்தார், அவர் குடும்பத்தாரும் எழுந்தார்கள், வரிசையாக வெளியேறினார்கள். தமிழாசிரியர் நாற்காலியிலேயே இருந்தார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அதன்பின் அவர் எங்கள் கொட்டகைக்கு வந்ததில்லை. அந்தப் பாராட்டு அன்றோடு முடிந்தது. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. உண்மையைச் சொன்னால் எல்லோரும் மெச்சுவார்கள் என்று யாரேனும் உங்களுக்குச் சொல்லியிருந்தால் அது முழு உண்மையன்று.

அந்தக் கிழவி மறுபடியும் குரல் கொடுத்தாள். “டேய், கத்தாதீங்கடா. வாத்தியாரே, முடிஞ்ச ரீல திரும்பப் போடச் சொல்லு. நாங்க தப்பால்ல பாத்துட்டோம்!”

“போடு! திரும்பப் போடு!” என்று கூட்டம் முழுதும் பிடித்துக்கொண்டது. ஆபரேட்டர் வாய்க்குள் என்னைத் திட்டிக்கொண்டே மூன்றாவது ரீலை மறுபடி கோத்தார்.

இம்முறை சாயம் பூசும்போது நான் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னேன்: “அவளைப் பார்க்கப் போகிறார்.” கூடாரம் அதிர்ந்தது. மழையில் சாயம் வழிந்து துரையின் வெள்ளைச் சட்டை கறுத்தபோது பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். நாலாவது ரீலில் அவர் முட்டிபோட்டு மோதிரம் நீட்டினார். “கட்டிக்கோம்மா, பாவம், அந்தாளு குட்டையிலல்லாம் வுழுந்து வந்துகீறான்!” என்று யாரோ சீமாட்டிக்கே யோசனை சொன்னார்கள். முத்தத்தை ஆபரேட்டர் வழக்கம்போல் உள்ளங்கையால் மறைத்தார். நானும் தடுக்கவில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் திருத்த என்னால் ஆகாது.

நான் பார்த்துக்கொண்டிருந்தது திரையையன்று. முன்வரிசையில் குந்தியிருந்த ஏழுமலையைத்தான். சுற்றிலும் எல்லோரும் சிரித்தார்கள். அவர் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. துண்டை மடியில் போட்டுக்கொண்டு, கணக்கு வாய்பாடு ஒப்பிக்கும் பிள்ளையைக் கவனிப்பவர்போல் திரையையே கவனித்தார். முடிந்ததும் மனைவியை அழைத்துக்கொண்டு, அஞ்சலைக்காகக் காத்திராமல் புறப்பட்டுவிட்டார். அவள் வாயிற்கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு, பாரிவாக்கத்துப் பெண்களோடு நடந்தாள். கன்னியப்பன் மாடுகளைப் பூட்டாமலே வண்டியருகே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார்.

என் தைரியம் காலம் கடந்து வந்தது, பயன் தரவில்லை என்றே நான் முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த நாள், கூட்டம் வருவதற்கு வெகு முன்பே ஏழுமலை தனியாக வந்தார். திரைக்கருகே பலகையில் அமர்ந்து அன்றைக்குச் சொல்ல வேண்டியதை எழுதிக்கொண்டிருந்த நான் எழுந்து நின்றேன். வசை கேட்கத் தயாரானேன்.

“வாத்தியாரே, நேத்து ரெண்டு கதை சொன்னே. இன்னிக்கு மூணாவதா இன்னொண்ணு கீதா?”

“இல்லை. இரண்டாவதாகச் சொன்னதுதான் உண்மை.”

“அத்த நீ சொல்ற. மொத கதையவும் நீதானே சொன்னே?” அவர் திரையைச் சுட்டினார். “எனக்கு அந்தப் பொம்பளையோட மூஞ்சியப் பாக்கணும். நேத்து உன் சத்தத்துல சரியாப் பாக்கல. இன்னிக்கு அவ திரையில வரச்சொல்ல கொஞ்சம் வாய மூடிகினு இரு.”

கதை சொல்பவனான எனக்கு இப்படி ஒரு வேண்டுகோள் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. பாயிடம் கேட்டேன். “அவரும் டிக்கெட் வாங்கினவர்தானே” என்றார்.

அன்று சந்தைக் காட்சி வந்தபோது பிரம்பைத் தாழ்த்திக்கொண்டு ஒதுங்கி நின்றேன். “வாத்தியாருக்குத் தொண்ட கட்டிகிச்சா?” என்று ஒருவன் கேட்டான். சிறிது சிறிதாகக் கூட்டமும் அடங்கியது. மெஷின் ஓடும் ஓசை மட்டும் கேட்டது. எத்தனையோ படங்களுக்குத் திரையருகே நின்று பேசிய நான் அன்றுதான் முதன்முறையாக அந்தச் சீமாட்டியைப் பார்த்தேன். துரை நிமிர்ந்து நோக்கியதும் அவள் முகம் மலரவில்லை. முதலில் அவள் கை அசைகிறது. சட்டை முழங்கையில் ஒரு சிறு கிழிசல். அதைத் தன் கைக்கூடையால் மறைத்துக்கொள்கிறாள். அதன் பிறகே சிரிக்கிறாள். ஒரு நொடிக்குள் நடந்து முடிந்துவிடும் செயல் அது. முந்தின நாள் நான் அதன்மேல் உரக்கப் பேசியிருந்தேன்.

முதல் ரீல் முடிந்து விளக்கேற்றியதும் ஏழுமலை எழுந்து என்னிடம் வந்தார்.

“தங்கச்சி இல்ல” என்றார்.

“நான்தான் சொன்னேனே” என்றேன்.

“நீ சொன்னதுக்கோசரம் இல்ல. கூடப் பொறந்தவங்கிட்ட எவளும் கிழிசல மறைக்கமாட்டா. எங்கூட்டுல அஞ்சலை கிழிசப் பொடவையோடதான் எனக்கு சோறு போடறா. ஒருநாளும் மறைச்சதில்ல.” அவர் பெண்கள் பக்கத்து வாயிலைப் பார்த்தார். அங்கே அஞ்சலை நின்றிருந்தாள். “இங்க வரச்சொல்ல மட்டும் நல்லது ஒண்ண எடுத்துக் கட்டிகினு வரா. டிக்கெட்டு கிழிக்கறதுக்கு எதுக்குடி நல்ல பொடவன்னு நான் ஒருவாட்டி கேட்டிருக்கேன். அவ ஒண்ணும் சொல்லல.”

அதற்குமேல் அவர் என்னிடம் நிற்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூடாரத்துக்கு வெளியே சென்றார். நானும் நாலடி பின்தொடர்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கன்னியப்பன் மறுநாள் திருப்பியனுப்ப வேண்டிய பெட்டிகளை வண்டியோரம் அடுக்கிக்கொண்டிருந்தார். ஏழுமலையைக் கண்டதும் கையிலிருந்த பெட்டியைத் தலைகீழாக வைத்துவிட்டு, தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

ஏழுமலை மாடுகளைப் பார்த்தார். வண்டிச் சக்கரத்தைப் பார்த்தார். ஆளை மட்டும் நேராகப் பார்க்கவில்லை.

“அண்ணனூர்ல உங்கூட்டாண்ட கெணறு கீதா?”

கன்னியப்பனுக்குக் கேள்வி விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. “கீது அண்ணாத்தே. பின்னாலயே கீது. நல்ல தண்ணி.”

“ராட்டினம்?”

“இல்ல அண்ணாத்தே. கையாலதான் சேந்தறது. நான் ஒருத்தன்தானே, அதான்...”

“ராட்டினம் போடு மொதல்ல” என்றார் ஏழுமலை. “அப்பால ஊட்டுக்கு வா, பேசலாம்.”